வீட்டில் துப்பாக்கியா, கிளப்பில் பெல்லட்டா, ஊர்க்காவல் படையா? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

"கன் லைசென்ஸ் எடுக்கலாமா, இல்லை ஏர் கன் வாங்கினால் போதுமா?" என்று வாசகர்கள் கேட்கிறார்கள். கேள்வி ஒன்றுதான், கேட்பவர்களின் தேவை வேறு வேறு. வெள்ளி கடற்கரையில் பலூன் சுட்டுக் கை ஊறியவர் ஒருவர். பாகூர் பக்கம் வயலுக்கு நடுவே தனிவீடு கட்டிக் குடியேறியவர் இன்னொருவர். விருத்தாசலம் பக்கம் நிலக்கடலையைக் காட்டுப்பன்றியிடம் இழந்தவர் உண்டு, சீருடை மேல் ஆசை உள்ளவரும் உண்டு. கடலூரில் பிறந்து டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் வரை போன துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவனைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கிளப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் கணிசம். இவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னால் நான்கு பேருக்காவது பணம் வீணாகும்.

முதலில் அளவுகோல்கள்

விலையில் தொடங்காதீர்கள். முதல் கேள்வி இது: ஓர் ஆண்டில் நீங்கள் எத்தனை முறை விசையை அழுத்தப் போகிறீர்கள்? சுடுவது கைப்பழக்கம். ஆண்டுக்கு இருபது தோட்டா சுடுபவர் கையில் இருக்கும் ரிவால்வர், வாரம் நான்கு நாள் பெல்லட் (ஏர் துப்பாக்கியின் சிறு ஈயக்குண்டு) சுடும் பத்தாம் வகுப்புப் பெண்ணின் ஏர் பிஸ்டலைவிட ஆபத்தானது. முதலில் அதன் சொந்தக்காரருக்கே.

இரண்டாவது காகிதம்: என்ன அனுமதி, யாரிடம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை. மூன்றாவது, வாங்கிய பிறகு வரும் செலவு. நான்காவது நம் ஊருக்கே உரிய இரண்டு சங்கதிகள். ஒன்று உப்புக்காற்றும் வெள்ளமும். மற்றது, பத்து நிமிடம் வண்டி ஓட்டினால் மாநிலம் மாறிவிடும் எல்லை.

வழி 1: உரிமம் வேண்டாத ஏர் ரைபிள், வீட்டில்

2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாத ஏர் துப்பாக்கிக்கு இரண்டு வரம்புகள். குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதுதான் கடையில் அங்குலக் கணக்கில் சொல்லும் 0.177. வாயாற்றல், அதாவது குழலை விட்டு வெளியேறும்போது குண்டுக்கு உள்ள ஆற்றல், 20 ஜூலைத் தாண்டக் கூடாது. இரண்டில் ஒன்றை மீறினாலும் உரிமம் தேவை. ஆகவே ".22 ஏர் ரைபிள்தானே, காற்றுதானே" என்ற பேச்சு செல்லாது. காற்றில் ஓடினாலும் .22 குழலுக்கு உரிமம் கட்டாயம்.

இரண்டாவது வரம்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆற்றல் என்பது எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிய தொகை. வழக்கமான 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 200 மீட்டரில் போனால் சுமார் 10.6 ஜூல், 275 மீட்டரில் 20 ஜூலைத் தொடுகிறது, 300-இல் ஏறத்தாழ 24. சட்டப்படி வாங்கிய ரைபிளுக்கு மெக்கானிக் ஒருவர் "பவர் ஏத்தித் தரேன்" என்று கனமான ஸ்பிரிங் போட்டால், துப்பாக்கி அதேதான் என்றாலும் நீங்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டீர்கள். பில்லையும், தயாரிப்பாளர் தரும் வேக, ஆற்றல் விவரத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.

உள்நாட்டில் செய்த, குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ரைபிள் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். பராமரிப்பு எளிது, ஆனால் நான்கு தவறுகள் அதைக் கொன்றுவிடும். பெல்லட் இல்லாமல் சுடுவது முதல் தவறு: முன்னால் காற்றுமெத்தை இல்லாததால் பிஸ்டன் நேராகச் சுவரில் மோதி சீல் சிதையும். ஏற்றிய நிலையில் மணிக்கணக்கில் வைத்தால் ஸ்பிரிங் தளரும். காற்றறைக்குள் எண்ணெய் விட்டால் அழுத்தத்தில் அது தீப்பிடித்துப் புகையும் வெடிச்சத்தமும் வரும்; புதியவர்கள் அதைப் "பவர்" என்று நினைத்து மகிழ்கிறார்கள், உள்ளே சீல் எரிந்துகொண்டிருக்கும். நான்காவது, இறுக்கிப் பிடிப்பது. ஸ்பிரிங் ரைபிள் பெல்லட் வெளியேறும் முன்பே முன்னும் பின்னும் உதைக்கும். அதைக் கெட்டியாகப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும். இடது உள்ளங்கையில் சும்மா படுத்திருக்கும்படி விட வேண்டும்.

வீட்டில் சுட 10 மீட்டர் நீளம் வேண்டும், அதன் முடிவில் ஆளில்லாத கெட்டிச் சுவர் வேண்டும். குறியின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.4 மீட்டர். பின்னால் ஒரு மரப்பெட்டி, அதில் பழைய துணியை ஒரு சாண் கனத்துக்கு அடைத்து, கடைசியில் கீழ்நோக்கிச் சாய்ந்த இரும்புத் தகடு. வெறும் தகட்டில் சுட்டால் ஈயத்துணுக்கு முகத்துக்கே திரும்பும். கண்ணாடி அணியாமல் யாரும் அருகில் நிற்கக் கூடாது. பெல்லட் ஈயம் என்பதால், சுட்டு முடித்துக் கை கழுவாமல் முறுக்கைத் தொடவும் வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு ரூபாயில் இல்லை, பறவையில் இருக்கிறது. ஏர் கன் வாங்கிய இளைஞர் மூன்றாவது வாரம் அட்டையில் சலித்துக் கொக்கைப் பார்ப்பார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது வேட்டை. சரணாலயத்துக்குள் அனுமதி எழுதி வாங்காமல் ஆயுதத்தோடு நுழைவதே தனிக் குற்றம். புதுச்சேரிக்கு ஊசுட்டேரிச் சரணாலயம் பக்கத்திலேயே இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொருந்துபவர்: பின்கட்டில் இடம் உள்ளவர், பொழுதுபோக்குக்கு மட்டும், தனியே பழகும் பொறுமை உள்ளவர். திருடனைத் தடுக்க இதை வாங்குபவர் ஏமாறுவார். ஒரு முறை சுட்டதும் மறுபடி மடக்கி ஏற்ற வேண்டும்.

வழி 2: ரைபிள் கிளப், 10 மீட்டர்

கணக்குப் பார்ப்போம். ஒரு பயிற்சிக்கு 60 முறை, பழகு சுடலோடு 80. வாரம் நான்கு நாள் என்றால் 320. 500 பெல்லட் டின் பதினோரு நாளில் காலி. ஐம்பது வாரத்துக்கு 16,000. முதல் அளவுகோலில் மற்ற வழிகள் எதுவும் இதன் அருகில்கூட வராது.

கிளப் என்று பெயர்ப்பலகை மாட்டியதெல்லாம் ஒன்றல்ல. மாநிலச் சங்கத்தோடும், அதன் வழியே 1951-இல் தொடங்கிய இந்திய தேசிய ரைபிள் சங்கத்தோடும் இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இணைப்பு இல்லாவிட்டால் நீங்கள் எடுக்கும் புள்ளி பயிற்சிக் கூடத்தின் சுவரோடு நின்றுவிடும். எந்த மாநிலத்தின் பெயரில் பதிவு என்பதையும் சேரும் நாளே தீர்த்துக்கொள்ளுங்கள். கடலூரில் வீடு, புதுச்சேரியில் கல்லூரி என்பவர்கள் இதைத் தள்ளிப்போட்டுவிட்டுப் போட்டி நேரத்தில் முகவரிச் சான்றோடு அலைகிறார்கள்.

பிறகு உள்ளுக்குள் ஒரு தேர்வு: ரைபிளா, பிஸ்டலா? எங்கள் பரிந்துரை, நம் ஊருக்குப் பிஸ்டல். காரணம் எளிது. ரைபிளுக்குக் கெட்டியான கான்வாஸ் மேலங்கி, கால்சட்டை, தட்டையான தனிக் காலணி, கையுறை எல்லாம் வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் குளிரூட்டாத கூடத்தில் அந்த மேலங்கிக்குள் 75 நிமிடம் நிற்பது தனித் தவம். அதோடு அது உடம்பின் அளவுக்கே தைப்பது, வளரும் பிள்ளைக்கு இரண்டு ஆண்டில் மறுபடி தைக்க வேண்டும். பிஸ்டலுக்குச் சாதாரணச் சட்டையே போதும். குறியும் கருணையானது: பிஸ்டல் அட்டையில் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர், ரைபிள் அட்டையில் அரை மில்லிமீட்டர் புள்ளி. ஆனால் பிஸ்டலில் ஒரே கை, எதன்மேலும் சாயக் கூடாது. ஒரு கிலோ எடையை நீட்டிய கையில் பிடித்து நிற்கத் தோள் பழக மூன்று மாதமாவது ஆகும். விசையின் கனம் 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி; அதை இழுக்காமல் கசக்கிக் கசக்கிப் பழக வேண்டும். தொடக்கக்காரரின் குண்டு கீழே ஒரு பக்கமாய் விழுந்தால் பெரும்பாலும் காரணம் கண் இல்லை, விசையை வெடுக்கென இழுத்த விரல்.

முதல் ஆண்டு கிளப் துப்பாக்கியே போதும். வாங்கும் நேரம் வந்தால் வெளிநாட்டுப் போட்டிப் பிஸ்டல் ஒன்றரை லட்சத்துக்குக் குறைய எதிர்பார்க்க வேண்டாம். பழையது வாங்குபவர்கள் பெரும்பாலும் பிடி, குழல், விசை எல்லாம் பார்த்துவிட்டு முக்கியமானதை விட்டுவிடுகிறார்கள்: காற்றுச் சிலிண்டரின் தேதி. தயாரிப்பாளர்கள் தரும் ஆயுள் பொதுவாகப் பத்து ஆண்டு, சிலிண்டர் மேலேயே பொறித்திருக்கும். காலாவதியானதோடு போட்டியில் நிற்க விடமாட்டார்கள். 200 பார் அழுத்தத்தை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடுவதால், விடாதிருப்பதே நல்லது. புதுச் சிலிண்டரின் விலையைக் கூட்டிப் பார்த்தபின் அந்தப் பழைய பிஸ்டல் மலிவா என்று யோசியுங்கள்.

சிலிண்டர் நிரப்பக் கிளப்பில் கம்ப்ரெஸர் இல்லாவிட்டால் புதுச்சேரியின் ஸ்கூபா மையங்கள் கை கொடுக்கும். முக்குளிப்புத் தொட்டியும் உயர் அழுத்தக் காற்றுதான். ஈரம் வடிகட்டிய காற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பம்பால் மழைக்காலத்தில் நிரப்பினால் ஈரம் உள்ளே போய் வால்வில் துரு பிடிக்கும். பஞ்சர் கடைக் காற்று எந்த வகையிலும் உதவாது, அழுத்தமே போதாது.

.22 போட்டிகளுக்கு ஆசை வந்தால் கதை மாறும். 25, 50 மீட்டர் தளத்தை மொட்டைமாடியில் போட முடியாது. மண்மேடு, பாதுகாப்பு எல்லை, அனுமதி எல்லாம் வேண்டும். சென்னைக்குப் போய் வருவதென்றால் புதுச்சேரியிலிருந்தே ஒரு வழி 150 கிலோமீட்டருக்கு மேல், ஒரு நாள் முழுதாகப் போகும். சட்டத்தில் ஒரு சலுகை உண்டு: அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப் உறுப்பினர் குறிப்பயிற்சிக்காக .22 ரைபிளுக்கு உரிமம் கேட்பதை ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவே தனியாகச் சொல்கிறது. ஆகவே வரிசை கிளப், அதன்பின் .22. தலைகீழாக முயன்றவர்களின் மனு கோப்பிலேயே தூங்கும்.

வழி 3: உரிமம் எடுத்து, தற்காப்புக்குத் துப்பாக்கி

அமெரிக்காவில் 1791-இல் வந்த இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை உரிமை என்கிறது. சுவிட்சர்லாந்தில் குடிமக்களே படை. படைத் துப்பாக்கி வீட்டு அலமாரியில் இருக்கும். இணையத்தில் அதைப் பார்த்துவிட்டு வருபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: 1959 ஆயுதச் சட்டத்தின்படி இங்கே துப்பாக்கி அனுமதியால் வருவது. ஏன் உங்களுக்கு என்பதை நீங்கள்தான் நிறுவ வேண்டும்.

வயது 21 நிறைந்திருக்க வேண்டும். ஏ-1 படிவம், அடையாள, முகவரிச் சான்றுகள், மருத்துவச் சான்று, சுடுகலன் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, வீட்டில் பூட்டி வைக்கும் ஏற்பாடு பற்றிய உறுதிமொழி. மனு மாவட்ட ஆட்சியருக்கு. அங்கிருந்து காவல் நிலையத்துக்கு விசாரணை. மறுத்தால் மேல்முறையீடு உண்டு. "நிலபுலன் இல்லாதவர்" என்பதை மட்டும் காரணமாக்கி மறுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு சுடுகலன், உரிமக் காலம் மூன்று ஆண்டாக இருந்தது ஐந்து ஆண்டானது.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு தடை அதிகம், பலருக்கு மனு போட்ட பிறகே தெரிகிறது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத உரிமம் தருவதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் தேவை. வனவிலங்குச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஊசுட்டேரி 2008-இல் சரணாலயமானது. வரைபடத்தில் ஏரிக்கரையிலிருந்து 10 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். நகரத்தின் பெரும்பகுதி உள்ளே வரும். கடலூர் நகரத்துக்கு இந்த ஏரியால் தொல்லை இல்லை.

அடுத்தது எல்லை. உரிமத்தில் செல்லுபடியாகும் பகுதி என்று ஒரு வரி இருக்கும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்று எழுதிய உரிமத்தோடு கன்னியக்கோயில் தாண்டினால் உங்கள் துப்பாக்கி உரிமமில்லாத் துப்பாக்கி. புதுச்சேரி உரிமத்தோடு காரைக்கால் போகிறவர் வழியில் கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று தமிழ்நாட்டைக் கடந்தே ஆக வேண்டும். தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர் இதை மனுவிலேயே காரணத்தோடு கேட்பது நல்லது. பிறகு நீட்டிக்க மறுபடி அலைச்சல்.

என்ன வாங்கலாம்? 9 மில்லிமீட்டர், .303 போன்றவை தடைசெய்யப்பட்ட அளவுகள், ஆசைப்பட வேண்டாம். கைத்துப்பாக்கியில் .32 வழக்கம். கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014-இல் பெண்களை மனத்தில் வைத்து வெளியிட்ட நிர்பீக் ரிவால்வரின் அன்றைய விலையே ₹1,22,360. தனிவீட்டுக்காரருக்கு 12 போர் (குழல் அளவின் பெயர்) இரட்டைக்குழல் துப்பாக்கி ஏற்றது என்பது எங்கள் கருத்து. 20 அங்குலத்துக்குக் குறையாத வழுவழுப்பான குழலுள்ள துப்பாக்கியைத் தற்காப்புக்குக் கேட்பது சட்டம் ஓரளவு தாராளமாகப் பார்க்கும் வகை.

பன்றித் தொல்லைக்காரர்கள் கவனிக்க: பயிர்ப் பாதுகாப்புக்கு, குழலின் வாய்வழியே வெடிமருந்து திணிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் பன்றியைச் சுடும் அனுமதி அந்த உரிமத்தோடு சேர்ந்து வராது. அது வனத்துறையின் தனிக் கணக்கு. உரிமமில்லா நாட்டுத் துப்பாக்கியை ஊரில் யாரோ செய்து தருகிறார் என்று வாங்கி வைத்திருந்தால் தண்டனை 2 முதல் 5 ஆண்டு.

மறைசெலவுகள் இந்த வழியில்தான் அதிகம். தேர்தல் அறிவித்ததும் ஆய்வுக் குழு கேட்டால் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். சட்டமன்றம், மக்களவை, உள்ளாட்சி என்று எண்ணினால் ஐந்தாண்டில் பல வாரங்கள் துப்பாக்கி உங்கள் வீட்டில் இல்லை. போட்டிகளில் பங்கேற்கும் வீரர்களுக்கு இதில் விலக்கு உண்டு என்பது இரண்டாம் வழிக்கு இன்னொரு புள்ளி.

உப்புக்காற்று அடுத்தது. கடற்கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வீடென்றால் கைரேகை பட்ட இடத்தில் இரண்டே நாளில் செம்புள்ளி வரும். தோல் உறைக்குள் வைப்பது பெரிய தவறு, தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்ட வைத்திருக்கும். எண்ணெய்த் துணியால் துடைத்து, இரும்புப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு, ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை, மற்ற காலத்தில் மாதம் இருமுறை பார்க்க வேண்டும். பெட்டி தரையில் இருக்கக் கூடாது. 2015 வெள்ளமும், 2024 ஃபெஞ்சல் புயலையொட்டித் தென்பெண்ணை பெருகியதும் எவ்வளவு உயரத்துக்கு நீரைக் கொண்டுவந்தன என்று உங்கள் தெருச் சுவரே சொல்லும். அதற்கு மேலே சுவரில் பொருத்துங்கள். நீரில் மூழ்கிய துப்பாக்கியை நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, எண்ணெயிட்டு, வணிகரிடம் காட்டாமல் சுடக் கூடாது. நனைந்த தோட்டாக்களை மறுபடி நம்ப வேண்டாம். பாதி எரிந்த மருந்தால் குண்டு குழலுக்குள் நின்றுவிட்டால், அடுத்ததில் குழல் பிளக்கும்.

இவ்வளவும் தாண்டிச் சுட எங்கே இடம்? கிளப் தளத்தில் அனுமதி இல்லாவிட்டால் எங்குமில்லை. கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது நம் வழக்கமும் இல்லை. 2019 முதல் அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம். தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது; ஆனால் ஓடும் திருடனின் முதுகில் சுட்டதை அது காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம்.

பொருந்துபவர்: காவல்துறைப் பதிவில் ஏறிய உண்மையான அச்சுறுத்தல் உள்ளவர், நகையோ பணமோ எடுத்துச் செல்லும் தொழிலில் இருப்பவர். மற்றவர்களுக்குக் கம்பிவேலி, விளக்கு, கேமரா, நாய் என்ற வரிசை மலிவு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டியதில்லை.

வழி 4: ஊர்க்காவல் படை

"நாலு தெருப் பையன்களைச் சேர்த்து ஆயுதக் காவல் குழு வைத்தால் என்ன?" என்ற கேள்வியும் வந்தது. முடியாது. உரிமம் ஒரு ஆளுக்கு, குழுவுக்கு இல்லை. ஜம்முவில் 1995 முதல் கிராமப் பாதுகாப்புக் குழுக்களுக்கு .303 ரைபிள் கொடுத்தது அரசு, அந்த இடத்துத் தீவிரவாதச் சூழலுக்காக. சத்தீஸ்கரில் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவலர்களாக்கி ஆயுதம் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 2011 ஜூலையில் அரசியலமைப்புக்கு எதிரானது என்று நிறுத்தியது. அரசே மாட்டிக்கொண்ட இடத்தில் தெருக்குழு நுழைய வேண்டாம்.

சட்டப்படி உள்ள குடிமக்கள் படை ஊர்க்காவல் படை. 1946 டிசம்பர் 6-இல் பம்பாயில் தொடங்கி, 1962 சீனப் போருக்குப் பின் நாடெங்கும் விரிந்தது. தமிழ்நாட்டில் 1963 சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பம், உடல் தகுதி, பிறகு அணிவகுப்புப் பயிற்சி. வேலை என்ன? வடலூர் தைப்பூசக் கூட்டம், மாசி மகத்தில் தேவனாம்பட்டினத்தில் கயிறு கட்டி நிற்பது, போக்குவரத்து, புயல் நாளில் ஆளை மேட்டுக்கு அனுப்புவது. துப்பாக்கி வீட்டுக்கு வராது. பணி நாளுக்கு மட்டும் படி. முழுநேர வேலை என்று நம்பி இருந்த வேலையை விட்டவர்களுக்குத்தான் நட்டம். சுடுவதற்காக இதில் சேர்ந்தால் ஏமாற்றம், ஊருக்கு உதவச் சேர்ந்தால் நான்கு வழிகளில் இதுவே பயனுள்ளது.

பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு என்சிசி இதைவிட நல்ல வாசல். .22 ரைபிளைப் படுத்துச் சுட இலவசமாகக் கற்றுத் தருவார்கள், தோட்டா எண்ணிக்கை குறைவு என்றாலும்.

ஒரே பார்வையில்

| | சொந்த ஏர் ரைபிள் | கிளப், 10 மீட்டர் | உரிமத் துப்பாக்கி | ஊர்க்காவல் படை |
|---|---|---|---|---|
| ஆண்டில் சுடுவது | இடமும் பொறுமையும் உள்ள அளவு | 16,000 வரை | உரிமத்தில் எழுதிய தோட்டாவுக்குள் | பயிற்சியில் கொடுத்தால் |
| காகிதம் | பில், அடையாளச் சான்று | உறுப்பினர் பதிவு | ஆட்சியர், காவல்துறை. புதுச்சேரியில் வனத்துறையும் | விண்ணப்பம், உடல் தகுதி |
| தொடக்கச் செலவு | சுமார் ₹10,000 | கட்டணமும் பெல்லட்டும். பிறகு லட்சக் கணக்கு | கைத்துப்பாக்கிக்கு லட்சத்துக்கு மேல் | இல்லை |
| மறைசெலவு | பறவை வழக்கு, எரிந்த சீல் | சிலிண்டர் காலாவதி, வளரும் பிள்ளையின் மேலங்கி | தேர்தல் ஒப்படைப்பு, துரு, எல்லை | திருவிழா நாளெல்லாம் பணி |

அப்பா காலத்து இரட்டைக்குழல்

இவை எதிலும் அடங்காத ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: உரிமம் வைத்திருந்த அப்பா இறந்துவிட்டார், துப்பாக்கி பரணில் இருக்கிறது. யோசிக்க நேரம் எடுக்க வேண்டாம். உரிமதாரர் போனதும் அது வாரிசிடம் இருப்பது சட்டப்படி வைத்திருப்பது ஆகாது. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். போகுமுன் நிலையத்துக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். குழலை மடக்கி இரண்டு அறையும் காலியா என்று பார்த்து, துப்பாக்கி தனியே, தோட்டா தனியே கட்டுங்கள். பழைய உரிமப் புத்தகமும் இறப்புச் சான்றும் கையில் இருக்கட்டும். அதன் பிறகு வாரிசு என்ற முறையில் மனு செய்யலாம், விற்கவும் கேட்கலாம். இரண்டுக்கும் அந்த ரசீதைத்தான் முதலில் கேட்பார்கள்.